தளர்நடைப் பருவத்தில் திரும்பத் திரும்ப வரும் காதுநோய்: காரணமும் மருத்துவமும்

1. பொருளும் எல்லையும்

குழந்தைக்குச் சளி பிடிக்கிறது. மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறுகிறது. நள்ளிரவில் படுக்கவைத்தால் வீறிடுகிறது, தோளில் போட்டால் சற்றே அடங்குகிறது. காலையில் மருத்துவர் காதைப் பார்த்து 'இன்ஃபெக்‌ஷன்' என்று ஒரு சிரப் எழுதித் தருகிறார். சரியாகிறது. ஐந்தாறு வாரத்தில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை இருக்கும் வீடுகளில் இது அபூர்வமே இல்லை. பாஸ்டன் வட்டாரக் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்து டீல், கிளைன், ராஸ்னர் ஆகியோர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்குள் 62 சதவீதக் குழந்தைகளுக்கும் மூன்று வயதுக்குள் 83 சதவீதக் குழந்தைகளுக்கும் ஒருமுறையேனும் நடுச்செவி அழற்சி வந்திருந்தது. மூன்று வயதுக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்கள் 46 சதவீதம். ஆகவே 'என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற கேள்வியைப் பாதித் தாய்மார்கள் கேட்டாக வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரை நடுச்செவி நோயை மட்டும் எடுத்துக்கொள்கிறது. புறச்செவிப் புண், பிறவிச் செவிட்டுத்தன்மை ஆகியவை தனியாகப் பேசவேண்டியவை. வாதம் இதுதான்: இந்த நோயைத் தீர்ப்பதில் பெரும்பங்கு காலத்துக்கு. ஆனால் எத்தனை முறை வந்தது, எந்தக் காதில் வந்தது, நடுவில் காது தெளிந்ததா என்ற கணக்கு யாரிடமாவது இருந்தால்தான் காத்திருப்பது மருத்துவமாகும். கணக்கில்லாமல் காத்திருப்பதை அலட்சியம் என்றுதான் சொல்லவேண்டும்.

2. ஏன் இந்த வயதில்?

செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. பறை சரியாக அதிர வேண்டுமானால் உள்ளே உள்ள காற்றின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமமாக இருக்கவேண்டும். உள்ளே காற்று போவதற்கு ஒரே வழி, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஏறும் மெல்லிய குழல். 16-ஆம் நூற்றாண்டில் ரோமில் பணியாற்றிய உடற்கூற்று அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி இதை விரிவாக விவரித்தார். பள்ளிப் பாடநூல்களில் ஊஸ்டேஷியன் குழல் என்று படித்தது அதைத்தான்.

பெரியவர்களுக்கு இக்குழல் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம், 45 பாகைச் சாய்வு. கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதி. சாய்வோ 10 பாகை அளவுதான், கிட்டத்தட்டப் படுக்கைவாட்டம். மட்டம் பார்க்காமல் கட்டிய சாக்கடையில் தண்ணீர் நிற்பதுபோல் உள்ளே ஊறும் நீர் வெளியே வடிய வழியில்லாமல் நிற்கிறது. மூக்கில் இருக்கும் கிருமிக்கோ பயணத் தூரம் குறைவு. சாதாரணமாக மூடியே இருக்கும் இக்குழலை, நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் தசை ஒன்று இழுத்துத் திறக்கிறது. குழந்தைக்கு அந்தத் தசையின் பிடியும் வலுவில்லை, குழலின் குருத்தெலும்பும் குழைவு. குழல்வாய்க்குப் பக்கத்திலேயே அடினாய்டு சதை இருக்கிறது. பள்ளிக்குப் போவதற்கு முந்தைய வயதில்தான் அது பெரிதாகப் புடைத்திருக்கும்.

இந்த நிலையில் சளி பிடித்தால் குழலின் உட்சுவர் வீங்கி அடைபடுகிறது. அறைக்குள் அகப்பட்ட காற்றை உட்சவ்வு உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தம் குறைகிறது, பறை உட்புறம் இழுபடுகிறது, சவ்விலிருந்து நீர் கசிகிறது. மூக்கில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகளுக்கு அந்த நீர் நல்ல விளைநிலம். முக்கியமானவை மூன்று: நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சே, மொராக்செல்லா கேட்டராலிஸ். நிமோகாக்கஸைச் சுற்றியுள்ள சர்க்கரை உறையை அடையாளம் கண்டு எதிர்க்கும் திறன் இரண்டு வயதுக்கு முன் சரியாக வளர்வதில்லை. சிறு குழந்தைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காதுநோய் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பு இல்லை.

ஏழு வயதை ஒட்டிக் குழலின் நீளமும் சாய்வும் பெரியவர்களுக்கு இருப்பதை நெருங்கிவிடும். காலம்தான் பெரும்பங்கு என்று மேலே சொன்னதற்கு அடிப்படை இந்த உடற்கூறு. விதிவிலக்குகளும் உண்டு. அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்குக் குழலைத் திறக்கும் தசைக்குப் பற்றுக்கோடே இல்லை. ஏறக்குறைய அத்தனை பேருக்கும் நடுச்செவியில் நீர் தேங்கும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கும் இது அதிகம். இவர்களை 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று அனுப்பிவிடக் கூடாது.

3. ஒன்றல்ல, மூன்று நோய்கள்

3.1 திடீர் அழற்சி. வலி, காய்ச்சல், இரவு அழுகை. பறைக்குப் பின்னால் சீழ் நிறைந்து, பறை வெளிப்பக்கம் பிதுங்கும். சில சமயம் அது உடைந்து தலையணையில் மஞ்சளாகக் கறை தெரியும். உடைந்ததும் வலி போய்விடும். பெரும்பாலான பறைகள் சில வாரங்களில் தானே ஒட்டிக்கொள்ளும்.

3.2 நீர்த்தேக்கம். அழற்சி தணிந்த பிறகும் நீர் வற்றாமல் நிற்பது. சில குழந்தைகளுக்கு அழற்சியே இல்லாமல் சளியோடு இது வந்துவிடும். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கேள்திறன் சராசரியாக 25 டெசிபல் அளவு குறைகிறது. அருகில் முகம் பார்த்துப் பேசினால் குழந்தை பதில் சொல்லும், அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். வீட்டில் அதற்கு 'பிடிவாதக்காரன்' என்று பெயர் கிடைத்துவிடும்.

3.3 நாள்பட்ட சீழ்க்காது. பறையில் விழுந்த ஓட்டை அடையாமல், வாரக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வடிந்துகொண்டே இருப்பது. இங்கே கிருமிகளும் வேறு: சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ். முதல் வகைக்குக் கொடுக்கும் வாய்வழி மருந்து இதில் பெரும்பாலும் எடுபடாது. மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கு மேல் இந்நோய் இருந்தால் உடனடியாகக் கவனிக்கவேண்டிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அதன் 2004 அறிக்கை இந்தியாவை அந்த வரிசையில்தான் வைத்தது.

மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கக்கூடியவை, மருத்துவமோ வெவ்வேறு. ஒரே சிரப்பை மூன்றுக்கும் கொடுப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

4. காதைப் பார்ப்பது

தாய் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைப் பக்கவாட்டில் மடியில் வைத்துக்கொள்கிறாள். கால்களைத் தொடைகளுக்கு இடையில் இறுக்கி, ஒரு கையால் குழந்தையின் இரு கைகளையும் அணைத்து, மறு கையால் நெற்றியைத் தன் மார்போடு அழுத்திப் பிடிக்கிறாள். மருத்துவர் காது மடலைக் கீழ்நோக்கிப் பின்பக்கமாக இழுத்து, விளக்கு பொருத்திய கருவியின் நுனியை உள்ளே விடுகிறார். பெரியவர்களுக்கு மடலை மேல்நோக்கி இழுக்கவேண்டும், குழந்தைக்குக் கீழ்நோக்கி. வழியில் குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகுதான் எதுவும் தெரியும். இத்தனைக்கும் குழந்தை அலறிக்கொண்டிருக்கிறது. அலறும் குழந்தையின் பறை, நோய் இல்லாவிட்டாலும் சிவந்துதான் இருக்கும்.

இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறை, சிவப்பை வைத்து முடிவு கட்டவேண்டாம், பறை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள் என்று அழுத்திச் சொன்னது. கருவியோடு இணைந்த ரப்பர் குமிழை அழுத்திக் காற்றை விட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. நீர் இல்லாத பறை அசையும், நீர் உள்ளது அசையாது. குழந்தை காதைப் பிடித்து இழுக்கிறது என்பது மட்டும் நோய்க்கு அறிகுறி ஆகாது. பல் முளைக்கும்போதும் இழுக்கும், தூக்கம் வந்தாலும் இழுக்கும், சும்மாவும் இழுக்கும். கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் இவ்வளவையும் செய்ய நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காதைப் பார்க்காமலே எழுதப்படும் 'காது இன்ஃபெக்‌ஷன்' கணக்கில் ஏறிவிட்டால், பின்னால் அறுவை வேண்டுமா என்று முடிவெடுக்கும்போது அந்தக் கணக்கே பொய்யாகிவிடும்.

5. ஆன்டிபயாடிக்: கொடுப்பதும் பொறுப்பதும்

எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்காவிட்டாலும் திடீர் அழற்சி வந்த குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்தினருக்கு 24 மணி நேரத்தில் வலி விட்டுவிடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வுகள் காட்டிய முடிவு இது. அதனால் எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால்தான் எல்லாக் குழந்தைக்கும் முதல் மருந்து. நெதர்லாந்து மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே முதலில் வலியைத் தணித்துக் காத்திருக்கும் வழியில்தான் செல்கிறார்கள்.

எதிர்த்தரப்பு வலுவில்லாதது அல்ல. 2011-இல் பின்லாந்தில் தாஹ்தினென் குழுவினர் 6 முதல் 35 மாதக் குழந்தைகள் 319 பேரிடம் நடத்திய சோதனையில், அமாக்சிசிலின்–கிளாவுலனேட் பெற்றவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும் வெற்று மருந்து பெற்றவர்களில் 44.9 சதவீதத்தினருக்கும் சிகிச்சை பலிக்கவில்லை. கூடவே விலையும் இருந்தது: மருந்து பெற்றவர்களில் 47.8 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு, மற்றவர்களில் 26.6 சதவீதத்தினருக்கு. இரண்டு தரப்பையும் எடைபோட்டு உருவானதே இன்றைய நடைமுறை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இரண்டு வயதுக்குள் இரு காதிலும் நோய், 39 பாகை செல்சியஸ் காய்ச்சல், கடும் வலி, சீழ் வடிதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆன்டிபயாடிக். மற்றவர்களுக்கு 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம், குறையாவிட்டால் தொடங்கவேண்டும்.

தொடங்கினால் அரைகுறையாக நிறுத்தக்கூடாது. 2016-இல் பிட்ஸ்பர்க்கில் ஹோபர்மன் குழுவினர் இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் 10 நாள் மருந்தையும் 5 நாள் மருந்தையும் ஒப்பிட்டனர். 10 நாள் பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும் 5 நாள் பெற்றவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிகிச்சை தோற்றது. நம் வீடுகளில் நடப்பது வேறு. மூன்றாம் நாள் குழந்தை விளையாடத் தொடங்கியதும் புட்டி குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்குப் போய்விடுகிறது. அடுத்த மாதம் அழுதால் அதே புட்டி வெளியே வருகிறது. பொடியாக வரும் அமாக்சிசிலின்–கிளாவுலனேட், கொதித்தாறிய நீர் கலந்தபின் குளிரில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கும் பழக்கமும் இதே ரகம். அந்தக் குழந்தைக்குக் காதில் அழற்சியா, தேங்கிய நீரா என்று கடைக்காரருக்குத் தெரியாது.

நீர்த்தேக்கத்துக்கு ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. மூக்கடைப்புச் சிரப்பும் ஒவ்வாமை மருந்தும் அந்த நீரை வற்றவைப்பதில்லை, தூக்கக் கலக்கத்தைத்தான் தருகின்றன. நோய் திரும்ப வராதிருக்க மாதக்கணக்கில் சிறு அளவு ஆன்டிபயாடிக் கொடுத்துவரும் பழைய முறையையும் 2013 நெறிமுறை கைவிட்டது.

6. வீட்டு வைத்தியம்

காதில் காய்ச்சிய நல்லெண்ணெய், பூண்டு தட்டிப்போட்ட எண்ணெய், தாய்ப்பால் துளி. இவற்றுக்கு இத்தனை நற்பெயர் எப்படி வந்தது? மேலே சொன்ன 60 சதவீதத்தில் விடை இருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும் இரவில் எண்ணெய் விடுகிறோம். விடாவிட்டாலும் மறுநாள் வலி குறைந்திருக்கும். புகழ் எண்ணெய்க்குப் போகிறது. பாட்டிமாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆன்டிபயாடிக்குக் கிடைத்த புகழிலும் ஒரு பகுதி இப்படி வந்ததுதான்.

ஆனால் தீங்கு உண்டு. பறை உடைந்திருந்தால் எண்ணெயும் பாலும் நேராக நடுச்செவிக்குள் போகும். சூடு கூடினால் தோல் வெந்துவிடும். மறுநாள் மருத்துவர் பார்க்கும்போது பறை எண்ணெய்ப் படலத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் ஊதிச் சளி எடுப்பதையும் நிறுத்திவிடலாம். ஊதுபவரின் வாயிலுள்ள கிருமிதான் குழந்தைக்குப் போய்ச் சேரும். கொண்டை ஊசி, கோழி இறகு, காது குடையும் பஞ்சுக் குச்சி எதுவும் காதுக்குள் போகவேண்டாம். வெளிப்புறம் மட்டும் இளஞ்சூட்டில் துணி ஒத்தடம் கொடுத்தால் கெடுதல் இல்லை.

சீழ் வடியும் காதுக்கு வீட்டிலேயே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு.  சுத்தமான பருத்தித் துணியைச் சிறு திரியாக முறுக்கிக் காதின் வாயில் வைக்கவேண்டும். நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டு வேறு திரி வைக்கவேண்டும். உலர்ந்து வரும்வரை இப்படியே, நாளைக்கு மூன்று நான்கு முறை. கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குப் பயிற்றுவிக்கப்படும் ஒருங்கிணைந்த குழந்தைநோய் மேலாண்மை முறை இதைத்தான் சொல்கிறது. அதே முறையில் வடிதல் 14 நாளைக் கடந்தால் அது நாள்பட்ட காது. அப்போது திரியோடு சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து வேண்டும், காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்க்கவேண்டும். நாற்றமடிக்கும் சீழ், காதின் பின்புறம் தொட்டால் வலிக்கும் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், விடாத வாந்தி, எழுப்பமுடியாத உறக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவமனை.

7. குழாய் வைப்பது பற்றிய வழக்கு

மயக்க மருந்து கொடுத்து, செவிப்பறையில் கூரிய கத்தியால் சிறு கீறலிட்டு, உள்ளே உள்ள பிசின்போன்ற நீரை உறிஞ்சி எடுத்து, அந்தத் துளையில் அரிசிமணியைவிடச் சிறிய குழாயைப் பொருத்துகிறார்கள். கால்மணி நேர வேலை. நம் ஊர் மருத்துவர்கள் 'குரோமெட்' என்பார்கள். நவீன வடிவில் இதை 1954-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆம்ஸ்ட்ராங். அடைபட்ட குழலுக்குப் பதிலாகக் காற்று பறையின் வழியே உள்ளே போகும். ஓராண்டு வாக்கில் குழாய் தானே விழுந்துவிடும். சிலருக்கு மட்டும் துளை மூடாமல் தங்கும்.

ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஓராண்டில் நான்கு முறை வந்து அதில் ஒன்றாவது கடைசி ஆறு மாதத்தில் இருந்தால், அதைத் தொடர்நோய் என்று வரையறுக்கிறார்கள். இந்தக் குழந்தைகளுக்குக் குழாய் உதவுமா? ஹோபர்மன் குழுவின் 2021 சோதனையில் 6 முதல் 35 மாதக் குழந்தைகள் 250 பேர். இரண்டாண்டில் ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு வந்த நோய், குழாய் வைத்தவர்களிடம் 1.48 முறை, மருந்து மட்டும் பெற்றவர்களிடம் 1.56 முறை. வேறுபாடு இல்லை என்றே சொல்லவேண்டும். இரு பிரிவிலும் இரண்டாம் ஆண்டில் நோய் குறைந்தது. மறுபக்கம், மருந்துப் பிரிவில் கணிசமானவர்கள் இடையில் குழாய்க்கு மாறினார்கள், குழாய் வைத்தவர்களுக்கு அடுத்த நோய் வரச் சற்றுக் கூடுதல் காலம் ஆனது. என் கணிப்பில், நோய்களுக்கு இடையில் காது தெளிந்துவிடும் குழந்தைக்குக் குழாய் வேண்டாம். அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கழக நெறிமுறையும், பரிசோதிக்கும் நாளில் நடுச்செவியில் நீர் இல்லையென்றால் வைக்காதீர்கள் என்றே சொல்கிறது.

மூன்று மாதம் கடந்தும் இரு காதிலும் நீர் நின்று, சோதனையில் கேள்திறன் குறைந்திருந்தால் கதை வேறு. பேச்சு வளரும் வயதில் காது மந்தமாக இருந்தால் மொழி பின்தங்கும் என்ற அச்சத்தில்தான் லட்சக்கணக்கான குழாய்கள் வைக்கப்பட்டன. அந்த அச்சத்தை நேரடியாகச் சோதித்தவர் பிட்ஸ்பர்க்கின் ஜாக் பாரடைஸ். நீர் நீடித்த குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு உடனே குழாய், மற்றதற்கு மாதக்கணக்கில் தாமதம். மூன்று வயதிலும், பிறகு 9 முதல் 11 வயதிலும் பேச்சு, படிப்பு, நடத்தை எதிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்த முடிவு வேறு குறையில்லாத குழந்தைகளுக்கே பொருந்தும். அண்ணப் பிளவு, டவுன் நோய்க்குறி, ஏற்கெனவே பேச்சுத் தாமதம் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே வைப்பதே சரி. அடினாய்டு எடுப்பதை, மூக்கடைப்பு பெரிதாக இல்லாவிட்டால், நான்கு வயதுக்கு முன் நீர்த்தேக்கத்துக்காகச் செய்வதில்லை.

குழாய் வைத்த காதில் சீழ் வடிந்தால் பல வீடுகளில் மறுபடி வாய்வழி மருந்தைத் தேடுகிறார்கள். 2014-இல் நெதர்லாந்தில் 230 குழந்தைகளிடம் வான் டோங்கன் குழு நடத்திய ஆய்வில் இரண்டு வாரம் கழித்தும் வடிதல் நிற்காதவர்கள்: சொட்டு மருந்துப் பிரிவில் 5 சதவீதம், வாய்வழி ஆன்டிபயாடிக் பிரிவில் 44 சதவீதம், சும்மா பார்த்திருந்த பிரிவில் 55 சதவீதம். சொட்டு போதும்.

8. தடுப்பு

நிமோகாக்கஸ் தடுப்பூசி இந்தியாவின் அரசுத் திட்டத்தில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் தமிழ்நாடு உட்பட நாடெங்கும் விரிந்தது. ஆறாம் வாரம், 14-ஆம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை, இலவசம். நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் எதிராக அதன் மதிப்பு பெரிது. காதுக்கு அது செய்வது சுமார்தான். 2001-இல் வெளியான பின்லாந்துச் சோதனையில், ஊசியில் அடங்கிய வகைகளால் வந்த அழற்சி 57 சதவீதம் குறைந்தது, மொத்த அழற்சியோ 6 சதவீதமே குறைந்தது. ஊசியில் இல்லாத வகைகள் காலியான இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மற்றவை பணச்செலவில்லாதவை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். புட்டிப்பால் கொடுத்தால் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுப்பது, படுத்திருக்கும் குழந்தையின் வாயில் புட்டியைச் செருகிவிட்டு நகர்ந்துவிடாமலிருப்பது. வீட்டுக்குள் பீடியும் சிகரெட்டும் புகையாதிருப்பது. வாசலில் நின்று பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் புகை இருக்கும் என்று அப்பாக்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

9. கணக்கு

மேலே வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு: குழந்தையை ஒரே குழு, குறித்த நாளில், திரும்பத் திரும்பப் பார்த்தது. காத்திருத்தல் பலித்ததில் அதற்குப் பங்குண்டு. நம் குழந்தை ஜனவரியில் தெருமுனை கிளினிக்கிலும் மார்ச்சில் பாட்டி ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மே மாதம் மருந்துக் கடையிலும் மருந்து வாங்குகிறது. 'ஆறு மாதத்தில் மூன்று முறையா?' என்று கேட்டால் 'அடிக்கடி வருதுங்க' என்பதுதான் பதில். அந்தப் பதிலை வைத்து அறுவையும் சொல்லமுடியாது, அறுவை வேண்டாமென்றும் சொல்லமுடியாது.

தாய்–சேய் நல அட்டையின் பின்பக்கம் இதற்குப் போதும். தேதி, எந்தக் காது, பறை பிதுங்கியிருந்ததா வடிந்ததா, என்ன மருந்து எத்தனை நாள். மூன்று மாதம் கழித்து ஒரு வரி: நீர் வற்றியதா. வற்றவில்லை என்றால் டிம்பனோமெட்ரி செய்யவேண்டும். காதில் ஒரு முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிப் பறையின் அசைவை வரையும் அச்சோதனை, குழந்தை அசையாதிருந்தால் சில விநாடிகளில் முடியும். வரைபடத்தில் முகடு இல்லாமல் தட்டையாக வந்தால் நீர் இருக்கிறது. கேள்திறனை இரண்டரை வயது வரை, ஒலி வரும் பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் முறையில் அளக்கிறார்கள். அதற்கு மேல், ஒலி கேட்டதும் கட்டையைக் கூடையில் போடச்சொல்லி அளக்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இதற்கென்றே அமைக்கப்பட்டவை. அட்டையோடு போனால் மூன்று மாதக் காத்திருப்பு அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.